பாலாற்றை எந்தக் கட்டத்தில் போடுவது? ஹெக்ஸ் மேப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெக்ஸ் மேப் என்றால் அறுகோணக் கட்டங்களாகப் பிரித்த கற்பனை நில வரைபடம். கூடி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டத்தில், ஆடுபவர்களின் பாத்திரங்கள் அதில்தான் ஊர் சுற்றும். என் முதல் ஹெக்ஸ் மேப்பில் 1,200 கட்டங்கள் இருந்தன. நாலு சார்ட் பேப்பரை ஒட்டி, ஸ்கெட்ச் பேனா தீரத் தீர வாங்கி, ஒன்றரை மாதம் உட்கார்ந்து வரைந்தேன். ஆட்டம் நடந்தது வேலூர் சத்துவாச்சாரியில், நண்பன் வீட்டு மொட்டைமாடியில். என்னோடு சேர்த்து ஐந்து பேர். ஆறு செஷன் முடிந்து எண்ணிப் பார்த்தால், அவர்கள் கால் பட்டது 11 கட்டங்கள். மீதி 1,189 பரண்மேல் கிடக்கிறது.

முதல் தவறு இதுதான். உலகத்தையே வரைந்து முடித்துவிட்டுத்தான் ஆட்டத்தை ஆரம்பிப்பேன் என்பது. ஒரு ஊரை நடுவில் வையுங்கள். அதைச் சுற்றி ஒரு வளையம், 6 கட்டம். அடுத்த வளையம் 12. மொத்தம் 19. மூன்றாவது வளையமும் போட்டால் 37. ஒரு மாத ஆட்டத்துக்கு 19 தாராளமாகத் தாங்கும். மிச்சத்தை, ஆட்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வரையலாம்.

ஏன் அறுகோணம் என்று கேட்பவர்களுக்கு: சதுரக் கட்டத்தில் மூலைவாட்டாக நகர்ந்தால் தூரம் 1.41 மடங்காகிவிடும். அறுகோணத்தில் ஆறு பக்கமும் ஒரே தூரம். போர் விளையாட்டு ஆடியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், அங்கிருந்து நமக்கு வந்தது. 1974-ல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் ஆட்டத்தின் முதல் பதிப்பு, காடு மேடு சுற்றுவதற்கு அவலோன் ஹில் கம்பெனி 1972-ல் போட்ட 'அவுட்டோர் சர்வைவல்' போர்டு கேமின் பலகையையே வைத்துக்கொள்ளச் சொன்னது. நடந்து பார்ப்பதற்கென்று பிறந்த சாமான் இது. சுவரில் மாட்டுவதற்கு வேறு படம் வரைந்துகொள்ளலாம்.

ஒரு கட்டம் எத்தனை தூரம்?

இதை வரைந்த பிறகு முடிவு செய்கிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் செய்தேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மலையையும் பக்கத்து ஊரையும் மூன்று கட்டம் தள்ளி வைத்தேன். பிறகு ஒரு கட்டம் 24 மைல் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பக்கத்து ஊருக்குப் போய்வர ஆறு நாள் ஆனது. "இன்னா மச்சான், காலைலேந்து நடக்குறோம், குடிக்கத் தண்ணி கேக்க ஒரு வூடு கூடவா இல்ல?" என்று ஒருத்தன் கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான்.

பலரும் 6 மைல் கட்டத்துக்கு வந்து சேர்வதற்குக் காரணம் உண்டு. சமவெளியில் ஒரு நாள் நடை 24 மைல் என்று பல விதிப்புத்தகங்கள் வைத்திருக்கின்றன. அப்படியானால் நாளைக்கு 4 கட்டம். மலைப்பாதையில், சதுப்பில் பாதி வேகம் என்றால் 2 கட்டம். எல்லாம் முழு எண். நம் ஊரில் வைத்துப் பாருங்கள். வேலூரிலிருந்து ஆற்காடு சுமார் 25 கிலோமீட்டர், அதாவது மூன்று கட்டத்துக்குள்; விடியலில் கிளம்பினால் மாலை வெயில் இருக்கும்போதே சேர்ந்துவிடலாம். ஆம்பூர் சுமார் 50 கிலோமீட்டர், ஐந்து கட்டம். வழியில் ஒரு ராத்தங்கல் கட்டாயம். அந்த ராத்தங்கலில்தான் கதை நடக்கும். அளவு சரியாக இருந்தால் இதெல்லாம் தானாக வரும்.

இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. தரையில் நிற்கிற ஆளுக்குத் தொடுவானம் 5 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் உள்ளேயே முடிந்துவிடும். 6 மைல் கட்டத்தின் நடுவில் நின்றால் பக்கவிளிம்பு 3 மைல், 4.8 கிலோமீட்டர். ஆகவே வெட்டவெளியில் நிற்பவனுக்குத் தான் இருக்கும் கட்டம் ஏறக்குறைய முழுசாகத் தெரியும், அடுத்தது தெரியாது. மலை மட்டும் விதிவிலக்கு. ஏலகிரியைப் பார்க்க அதன் அடிவாரத்தில் நிற்கவேண்டியதில்லை. மலையும் கோபுரமும் எத்தனை கட்டம் தள்ளித் தெரியும் என்பதைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

ஒரு கட்டத்துக்கு ஒரு படம் போதும் என்ற நினைப்பு

காட்டுக்கு மரம், மலைக்கு முக்கோணம், ஊருக்கு வீடு. ஒரு கட்டத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு, அந்தக் கட்டத்தில் அது மட்டும்தான் இருக்கிறது என்று நாமே நம்பிவிடுகிறோம். 6 மைல் கட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 81 சதுர கிலோமீட்டர். வேலூர்க் கோட்டைக்கும் காட்பாடி ஜங்ஷனுக்கும் நடுவே, பாலாற்றுப் பாலத்தின்மேல் மையத்தை வைத்து ஒரு கட்டம் போட்டுப் பாருங்கள். அகழியோடு கோட்டை உள்ளே வந்துவிடும். ஜலகண்டேஸ்வரர் கோயில் வந்துவிடும். ஆறு, ரயில், மார்க்கெட், சத்துவாச்சாரி, ஊருக்குக் கிழக்கே மொட்டை மலை, எல்லாம் அந்த ஒரே கட்டத்தில். அதற்கு 'ஊர்' என்று ஒரு வீட்டுப் படம் போட்டால் எப்படி?

நான் இப்போது கட்டத்துக்கு மூன்று வரி எழுதுகிறேன். நுழைந்ததும் கண்ணில் படுவது ஒன்று. அரை நாள் தங்கித் தேடினால் கிடைப்பது ஒன்று. யாராவது சொன்னால்தான் தெரியவருவது ஒன்று. அதற்கு மேல் எழுதினால் எனக்கே மறந்துவிடுகிறது.

அந்த மூன்று வரிக்கு என்ன எழுதுவது என்று திணறுபவர்களுக்கு எங்கள் ஊர்க் கேலி ஒன்று கைகொடுக்கும். நீரில்லா ஆறு, மரமில்லா மலை, மன்னனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று வேலூரைச் சொல்வார்கள். நாலும் நாலு கட்டம். 'இங்கே ஒரு கோயில் இருக்கிறது' என்று எழுதினால் ஆட்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். 'கோயில் இருக்கிறது, சாமி இல்லை' என்று எழுதினால் நிற்பார்கள். யார் எடுத்தது, எங்கே வைத்திருக்கிறார்கள், திரும்ப வருமா? நிஜத்திலேயே அந்த நாலாவது கேலி காலாவதியாகிவிட்டது. 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தாயிற்று. உங்கள் வரைபடமும் அப்படித்தான் மாறவேண்டும். பேனாவால் எழுதாதீர்கள், பென்சிலால் எழுதுங்கள்.

ஆறு

ஆறு வரைவதில் நடக்கும் கூத்து தனி. ஒரு மலையிலிருந்து கிளம்பி, நடுவில் இரண்டாகப் பிரிந்து, இரண்டு கடலுக்குப் போகிற ஆறுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறுகள் பொதுவாகச் சேரும். பொன்னையாறு வந்து பாலாற்றில் சேர்கிறது, கீழே செய்யாறு சேர்கிறது. பிரிகிறது என்றால் காரணம் வேண்டும். கடலருகே டெல்டாவாக இருக்கலாம், அல்லது மனிதன் தடுத்துத் திருப்பியிருக்கலாம். வாலாஜா பக்கம் பாலாறு அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கால்வாய் போவது போல. கால்வாய் என்றால் அதை வெட்டியவன் யார், மதகைத் திறக்கும் உரிமை யாருக்கு என்ற சண்டையும் இலவசமாகக் கிடைக்கும்.

ஆற்றைக் கட்டத்தின் நடுவே ஓடவிடுவதா, ஓரத்தில் விடுவதா? நான் ஓரத்தின் பக்கம். நடுவில் ஓடினால், 'நாங்கள் இப்போது இக்கரையா அக்கரையா' என்ற கேள்வி செஷனுக்கு நாலு தடவை வரும். ஓரத்தில் ஓடினால் அடுத்த கட்டத்துக்குப் போவதே ஆற்றைக் கடப்பது; தகராறே இல்லை. ஆறு வளைந்து வளைந்து போவது போல் தெரியும், அவ்வளவுதான். ஒரு கட்டம் முழுவதும் ஆற்றங்கரை ஊர் என்றால் மட்டும் நடுவில் விடுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, ஆற்றை வருடம் முழுக்க ஒரே நீலத்தில் வைத்திருப்பது. பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது என்று புத்தகத்தில் இருக்கும். இங்கே வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கே நடக்கலாம், தோண்டினால் ஊற்று வரும். அதே ஆறுதான் 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சூறையாடியது. 2021 நவம்பரில் மறுபடியும் கரை முட்ட ஓடியது. ஆகவே என் வரைபடத்தில் ஆற்றுக்கு இரண்டு விலை. மற்ற மாதங்களில் கடக்க ஒன்றும் செலவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் டைஸ் உருட்டவேண்டும்; மோசமாக விழுந்தால் இரண்டு நாள் கரையில் உட்காரவேண்டும். சாப்பாட்டு மூட்டை கரையும்போதுதான் ஆட்கள் வரைபடத்தை உற்றுப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள்.

ஐந்து திணையையும் ஐந்து நிறமாக அப்பிவிடுகிற நண்பர்களுக்கும் இதே விஷயம்தான். பாலை என்று தனி நிலம் நம் மரபில் இல்லை. குறிஞ்சியும் முல்லையும் காய்ந்தால் பாலை. அதைத் தனிக் கட்டமாகப் போடாமல், கோடையில் சில கட்டங்களுக்கு வந்துபோகும் நிலையாக வைத்துப் பாருங்கள். ஆட்டம் வேறு மாதிரி ஆகிவிடும்.

ஆடுபவர் கையில் என்ன இருக்கிறது?

எல்லாம் நிரப்பிய வண்ணப்படத்தை நீட்டினால் தேட ஒன்றுமில்லை. வெற்றுக் கட்டத்தை நீட்டினால் கிழக்கும் மேற்கும் ஒன்றுதான், காசு சுண்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். சந்தையில் ஒரு கிழவி, ஒரு மாட்டு வண்டிக்காரர், அரைகுறையாக மூன்று சேதி. அதில் ஒன்று பொய். அது போதும்.

கடைசியில் ஒரு சின்ன எரிச்சல், ஆனால் எல்லோரையும் ஒருமுறை கடிக்கும். கட்ட எண். 0307 என்றால் மூன்றாவது நெடுவரிசை, ஏழாவது கட்டம். இரட்டைப்படை நெடுவரிசைகள் அரைக் கட்டம் கீழே இறங்கியிருக்கும் தாளில், 0307-க்குத் தென்கிழக்கே இருப்பது 0407. அங்கிருந்து மறுபடி தென்கிழக்கே போனால் 0508. நான் அவசரத்தில் 0507 என்று சொல்லி, தென்கிழக்கே போனவர்களை வடகிழக்கே கொண்டுபோய் ஏரிக்கரையில் விட்டேன். அதைக் கண்டுபிடிக்க இரண்டு செஷன் ஆனது. பிரிண்ட் எடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' டிக்கை எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒட்டுகிற தாள்கள் பொருந்தாது. பிறகு ஏதாவது ஒரு இரட்டைப்படை நெடுவரிசைக் கட்டத்தில் விரலை வைத்து, ஆறு பக்கத்து எண்ணையும் ஒருமுறை ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.