பாசி இலைக்குள் சுமை ஓடுவதைப் பார்ப்பது எப்படி?

போன தை மாதம் கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பாசி இலையை நுண்ணோக்கியில் உற்றுப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. மூன்றாம் நாள்தான் காரணம் பிடிபட்டது.

செல்லுக்குள் சுமை இழுக்கும் கூலியாட்கள் மோட்டார் புரதங்கள். செல்லுக்குள் தண்டவாளம் போல் கிடக்கும் நுண்குழல்களின் மேல் கைனசின், டைனின் என்ற இரு மோட்டார்களும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசைகளில் நடக்கும். ஆக்டின் என்ற இன்னொரு வகைத் தண்டவாள இழைகளின் மேல் மயோசின் என்ற மோட்டார் நடக்கும். கைனசின் ஓரடி வைத்தால் 8 நானோமீட்டர். அதற்குக் கூலி, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று. இந்தப் புரதங்கள் நம் கண்ணுக்குத் தெரியாது. மயோசின் இழுத்து ஓடவிடும் பச்சைச் சுமை தெரியும்.

படி 1. ஹைட்ரில்லா என்ற நீர்ப்பாசிச் செடி கொஞ்சம் வேண்டும். நான் கே.ஆர்.பி. அணை வாய்க்காலில் எடுத்தேன். மீன் தொட்டிக் கடையிலும் கிடைக்கும். நுனியை ஒட்டிய இளம் இலை ஒன்றைக் கிள்ளுங்கள். பெரும்பகுதி இரண்டே செல் அடுக்கு என்பதால் சீவவும் வேண்டாம், சாயமும் வேண்டாம்.

படி 2. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர், இலை, மேலே கவர் ஸ்லிப். நுண்ணோக்கியைக் குவியப்படுத்தத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். 10 மடங்குக் கண்ணருகு வில்லையும் 40 மடங்குப் பொருளருகு வில்லையும் போதும். கீழே எல்.இ.டி. விளக்கு உள்ளதையே வாங்குங்கள். கண்ணாடி வைத்த பழைய மாடலில் வெயிலைத் துரத்தியே பொழுது போய்விடும்.

படி 3. நான் சறுக்கிய இடம் இதுதான். விடியற்காலையில் மேல்தொட்டித் தண்ணீரைப் பிடித்து, அதிலேயே இலையைப் போட்டிருந்தேன். தை மாதத்துத் தொட்டித் தண்ணீர் கையை விறைக்க வைக்கும். குளிரில் மயோசினின் வேகம் படுத்துவிடும், ஓட்டமும் நின்றுபோகும். எனவே கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில், சுமார் 30 டிகிரியில், விளக்கு வெளிச்சத்தில் கால் மணி நேரம் இலையை வைத்திருங்கள். அதன் பிறகு நடு நரம்பை ஒட்டிய நீண்ட செல்களைப் பாருங்கள். பச்சை மணிகள் போன்ற பசுங்கணிகங்கள் ஒரு சுவரோரமாக மேலே போய், மூலையில் திரும்பி, மறு சுவரோரமாக இறங்கி வரும். முதல் மணி நகர்ந்ததைக் கண்டதும் நான் கீழே ஓடி வீட்டிலிருந்த அத்தனை பேரையும் மாடிக்கு இழுத்து வந்தேன்.

மணிகளை மயோசின் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போவதில்லை. செல்லின் உள்ளுறுப்புகளை அது இழுக்கும்போது செல்லை நிரப்பியிருக்கும் கூழான சைட்டோபிளாசமும் சேர்ந்து ஓட, அந்த ஓட்டத்தில் மணிகளும் போகின்றன. இத்தாலியரான கோர்த்தி 1774-இல் நீர்த்தாவரச் செல்களில் இந்த ஓட்டத்தைக் கண்டு எழுதினார்.

செல்லுக்குள் இழுபடும் இன்னொரு சுமை ஆர்.என்.ஏ., மரபுச் செய்தியை ஏந்திய மூலக்கூறு. அது இந்த நுண்ணோக்கியில் தெரியாது. ஒளிரும் அடையாளம் ஒட்டினால்தான் தெரியும். ஆனால் அதைச் சுமப்பதும் இதே குடும்பத்து ஆட்கள்தான். ரொட்டி ஈஸ்ட்டில் ஏ.எஸ்.ஹெச்.1 என்ற ஆர்.என்.ஏ.வைத் தாய்ச் செல்லிலிருந்து, மொட்டாக முளைக்கும் சேய்ச் செல்லின் நுனிக்கு ஒரு மயோசின் இழுத்துப் போகிறது. மாங்கூடையில் செருகிய மண்டிச் சீட்டு போல, போய்ச் சேர வேண்டிய முகவரி அந்த ஆர்.என்.ஏ.விலேயே எழுதியிருக்கும். ஷீ2 என்ற புரதம் சீட்டைப் படிக்கும்; ஷீ3 அதை மயோசினோடு கட்டிவிடும்.

பின்சேர்க்கை 1: ஓசூரிலிருந்து ஒருவர், "துகள்கள் துள்ளுகின்றன, இதுதானா?" என்று கேட்டிருந்தார். இல்லை. நின்ற இடத்திலேயே நடுங்கினால் அது தண்ணீர் மூலக்கூறுகள் இடிப்பதால் வரும் பிரௌனியன் அசைவு. ஒரே திசையில் விடாமல் போனால்தான் மோட்டார் வேலை. சந்தேகமிருந்தால் ஓர் இலையைக் கொதிநீரில் முக்கி எடுத்துப் பாருங்கள்: ஓட்டம் நின்றிருக்கும், வெளியே தண்ணீரில் மிதக்கும் தூசி மட்டும் துள்ளிக்கொண்டே இருக்கும்.

பின்சேர்க்கை 2: வேகத்தை அளப்பது எப்படி என்று இருவர் கேட்டனர். கண்ணருகு வில்லையில் 18 என்று பொறித்திருந்தால், அதைப் பொருளருகு வில்லையின் மடங்கான 40-ஆல் வகுங்கள். காட்சி வட்டத்தின் குறுக்களவு 0.45 மில்லிமீட்டர். என் செல் அதில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவு, 0.1 மில்லிமீட்டர். ஒரு பச்சை மணி அந்த நீளத்தைக் கடக்க 25 விநாடி பிடித்தது. விநாடிக்கு 4 மைக்ரோமீட்டர், அதாவது 0.004 மில்லிமீட்டர்.