பூமுக்குள் மழைத்தண்ணீர்: அடைக்காதீர்கள், வடிய விடுங்கள்

மழை ஓய்ந்த மறுநாள் பாயை ஏற்றலாம் என்று பூமை (பாய்மரத்திலிருந்து பின்னோக்கி நீண்டு, பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் கிடைக்கம்பம்) அசைத்தால், பின்முனையிலிருந்து அழுக்குத் தண்ணீர் கொடகொடவென்று காக்பிட்டில் உட்கார்ந்திருப்பவர் தலையில் கொட்டும். பாய்மரப் படகு வைத்திருக்கும் பலருக்கும் பழகிப்போன கூத்துதான். ஆனால் கொட்டிய தண்ணீரால் பெரிய கெடுதல் இல்லை. கொட்டாமல் உள்ளே தங்கிவிடுகிறதே, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

இதற்குப் பெரும்பாலோர் முதலில் செய்வது, தண்ணீர் நுழையும் இடத்தைத் தேடித் தேடி அடைப்பது. அது வீண் வேலை. பூம் என்பது உள்ளே காலியான ஒரு அலுமினியக் குழாய். இரண்டு முனைகளிலும் ரீஃப் கயிறும் (பாயின் பரப்பைக் குறைப்பது) அவுட்ஹாலும் (பாயின் கீழ்மூலையைப் பின்னால் இழுக்கும் கயிறு) போய்வரும் கப்பி வாய்கள் திறந்தே கிடக்கும், பாய் நுழையும் பள்ளம் வழியாக ஓடிவரும் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும், போதாததற்கு ரிவெட் இடுக்குகள் வேறு. இத்தனையையும் யாராலும் அடைக்க முடியாது. நீங்கள் சிலிக்கோன் பூசி அடைப்பது பெரும்பாலும் தண்ணீர் வெளியேறும் வழியாகத்தான் இருக்கும், உள்ளே நுழைவது நுழைந்துகொண்டே இருக்கும். அதிலும் வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் அலுமினியத்தையே அரிக்கும். சிலர் முனைகளில் ஸ்பாஞ்சைத் திணிக்கிறார்கள். அது உப்புத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு உலோகத்தோடு ஒட்டியே உட்கார்ந்திருக்கும், கப்பியையும் சிக்க வைக்கும்.

"கொஞ்சம் தண்ணீர்தானே" என்பது அடுத்த தவறு. உள்ளளவு 10 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம், 4 மீட்டர் நீளம் என்று ஒரு பூமை எடுத்துக்கொள்ளுங்கள். நிறைந்தால் 60 லிட்டர் பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு நின்றாலே 20 கிலோ, அதுவும் படகு ஆடும்போதெல்லாம் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடுகிற 20 கிலோ. பூமின் பின்முனையைத் தூக்கிப் பிடிக்கும் கயிறான டாப்பிங் லிஃப்டைத் தளர்த்தும்போது யாரையும் கீழே நிற்க விடாதீர்கள்.

எடையைவிட அரிப்புதான் மோசம். மழைத்தண்ணீர் கிட்டத்தட்ட சுத்தமானதுதான், ஆனால் பூமுக்குள் ஏற்கெனவே காய்ந்து படிந்திருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டால் அது நல்ல மின்கடத்தியாகிவிடுகிறது. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகும் ஒட்டியிருக்கும் இடத்தில் அந்தத் தண்ணீர் நின்றால் கரைவது அலுமினியம்தான். திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தாலோ, பெயின்ட் கொப்பளித்தாலோ உள்ளே வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் மறுபடி பெயின்ட் அடித்து மறைக்காமல், திருகைக் கழற்றிச் சுத்தம் செய்து, டெஃப்-ஜெல் அல்லது டியூராலாக் போன்ற அரிப்புத் தடுப்புப் பசையைத் தடவித் திரும்பப் போடுங்கள்.

சரி, பூமை எப்படி நிறுத்துவது? கிடைமட்டமாக விடுவதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை, தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவதென்றே தெரியாது. டாப்பிங் லிஃப்டை இழுத்துப் பின்முனையைக் கொஞ்சம் உயர்த்தினால் தண்ணீர் பாய்மரத்தின் பக்கம் ஓடும், காக்பிட்டும் நனையாது. ஆனால் பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கூஸ்நெக் (பூம் பாய்மரத்தோடு சேரும் மூட்டு) பக்கத்து வார்ப்பில் ஓட்டை இல்லையென்றால் தண்ணீர் அங்கே போய்த் தேங்கும், நீங்கள் இடத்தை மாற்றியதுதான் மிச்சம். ஊகிக்க வேண்டாம், பின்முனையில் ஒரு வாளி நல்ல தண்ணீரை ஊற்றி எங்கே, எவ்வளவு வெளியே வருகிறது என்று பாருங்கள். உப்பும் கொஞ்சம் கழுவிப் போகும்.

வராவிட்டால் ஓட்டை போடத்தான் வேண்டும். இங்கே அவசரப்பட்டுக் கெடுத்தவர்கள் அதிகம். காற்றில் பாய் பூமை மேலே தூக்க, வாங் (பூமைப் பாய்மரத்தின் அடியோடு இணைத்துக் கீழே பிடிக்கும் கயிற்று அமைப்பு) அதைக் கீழே இழுக்க, வாங் மாட்டியிருக்கும் இடத்தில்தான் பூம் அதிகமாக வளையும், கீழ்ச்சுவர் இழுபடும். அங்கே ட்ரில் வைத்தால் விரிசலுக்கு நீங்களே புள்ளி வைத்துக் கொடுத்த மாதிரி. முனைக்கு அருகே, பூம் ஓய்வில் இருக்கும்போது எது ஆகத் தாழ்வான இடமோ அங்கே, 6 முதல் 8 மில்லிமீட்டர் வட்ட ஓட்டை ஒன்று போதும். அதைவிடச் சின்னதாகப் போட்டால் குப்பை அடைத்துவிடும். உள்ளே கயிறுகள் ஓடுகின்றன என்பதை மறந்துவிட்டு ட்ரில்லை முழுக்க இறக்கிவிடாதீர்கள், ட்ரில் பிட்டின் நுனியிலிருந்து சில மில்லிமீட்டர் விட்டு டேப் சுற்றிக்கொண்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியும். அப்புறம் ஓரத்தை வழவழப்பாக்குங்கள், விழுந்த துருவல்களைக் கழுவி வெளியேற்றுங்கள். கார்பன் பூம் என்றால் தயாரித்தவரைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.

குளிர்காலத்தில் தண்ணீர் உறையும் இடமென்றால் இன்னும் கவனம் தேவை. பனிக்கட்டியாகும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும், அலுமினியச் சுவரையே பிளந்துவிடும். அந்த மாதங்களில் பூமைக் கழற்றி, ஒரு முனை தாழ்ந்திருக்கும்படி வைப்பது நல்லது.

மடித்த பாயின் மேல் குளம் கட்டும் தண்ணீரும் கடைசியில் பூமுக்குள்தான் வரும், அதனால் உறையை இறுக்கிக் கட்டுங்கள். ஓட்டை போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது, குளவிகளுக்கு இந்த மாதிரி ஓட்டை என்றால் கொண்டாட்டம், மண்ணை வைத்து அழகாக அடைத்துவிடும். படகைச் சில வாரம் சும்மா விட்டிருந்தால் ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குத்திப் பார்த்துவிடுங்கள்.