சாவி திருப்புனா 'டிக்'னு சத்தம் மட்டும் வருதா? பேட்டரிய மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கார் டேஷ்போர்டுல லைட்டெல்லாம் எரியுது, சாவியத் திருப்புனா 'டிக்'னு சத்தமும் வருது, ஆனா இன்ஜின் மட்டும் சுத்த மாட்டேங்குது. யார்கிட்ட சொன்னாலும் "பேட்டரி போச்சு, மாத்திடுங்க"ம்பாங்க. போயிருக்கலாம்தான், ஆனா நல்ல பேட்டரியும் நல்ல செல்ஃப் மோட்டாரும் (இன்ஜின சுத்தி ஸ்டார்ட் பண்ற மோட்டார்) வெறும் டெர்மினல் அழுக்கால, அதாவது பேட்டரியில கேபிள் மாட்டுற முனையில இருக்குற அழுக்கால, வீணா மாத்தப்படுது, அதனால செக் பண்ணாம எதுக்கும் காசு குடுத்துராதீங்க. வோல்டேஜ் பாக்குற ஒரு சாதா மல்டிமீட்டரும் ரெண்டு ஸ்பேனரும் இருந்தா நீங்களே கண்டுபிடிச்சிரலாம்.

மொதல்ல சத்தத்தை நல்லா கேளுங்க. 'டிக்டிக்டிக்டிக்'னு வேகமா அடிச்சா கரண்ட் பத்தலன்னு அர்த்தம். செல்ஃப் மோட்டார் கூட சோலினாய்டுன்னு ஒண்ணு இருக்கும், சாவி திருப்புனதும் அது உள்ள இழுத்து மோட்டாருக்கு கரண்ட்ட விடும், மோட்டார் 100, 200 ஆம்பியர்னு இழுக்க ஆரம்பிக்கும், சார்ஜ் இல்லாத பேட்டரி அதைத் தாங்க முடியாம வோல்டேஜ் படுத்துரும், உடனே சோலினாய்டு விட்டுரும், விட்டதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். இப்படி மாறி மாறி நடக்குறதுதான் அந்த டிக்டிக். அப்படி இல்லாம ஒரே ஒரு தடவ 'டக்'னு கனமா கேட்டுட்டு அமைதியாயிட்டா செல்ஃப் மோட்டார் பக்கம் சந்தேகப்படணும். ஃபியூஸ் பாக்ஸ்ல இருந்து ரொம்ப லேசா ஒரு 'டிக்' மட்டும் வந்தா அது ரிலே (கரண்ட்டால வேலை செய்ற சின்ன சுவிட்ச்), சோலினாய்டு வரைக்கும் கரண்ட்டே போகாம இருக்கலாம்.

அடுத்து ஹெட்லைட்ட போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. லைட் மங்கி அணையுற மாதிரி ஆனா பேட்டரியோ டெர்மினலோதான் காரணம். லைட் கொஞ்சம்கூட மங்காம அப்படியே எரிஞ்சா கரண்ட் மோட்டாருக்குப் போகவே இல்ல.

இப்ப பானெட்ட தொறங்க. டெர்மினல கையால திருகிப் பாருங்க, ஒரு துளி அசைஞ்சாலும் அது லூஸ்தான். வெள்ளையாவோ பச்சையாவோ உப்பு பூத்திருந்தா சுத்தம் பண்ணியே ஆகணும். சில சமயம் வெளிய பளபளன்னு இருக்கும், கழட்டிப் பாத்தா கேபிள் முனையில இருக்குற கிளாம்ப் உள்பக்கம் கருப்பு பூசுன மாதிரி இருக்கும், அது போதும் கரண்ட்ட தடுக்க, ஏன்னா லைட் எரியுறதுக்கு சில ஆம்பியர் போதும், அது அந்த அழுக்கத் தாண்டி வந்துரும், மோட்டாருக்கு வேண்டிய கரண்ட் வராது. கழட்டும்போது மைனஸ மொதல்ல, மாட்டும்போது மைனஸ கடைசியா. மாத்தி செஞ்சு ஸ்பேனர் பாடியில பட்டா தீப்பொறி பறக்கும், கையில மோதிரம் இருந்தா அதையும் கழட்டி வெச்சுருங்க. சமையல் சோடா கலந்த தண்ணியால கழுவி, வயர் பிரஷ் இல்லன்னா உப்புத்தாள் போட்டு ஈயம் மின்னுற வரைக்கும் தேய்ச்சு, காயவெச்சு, டைட் பண்ணி, மேல வாசலின் தடவுங்க. மைனஸ் கேபிள் பாடியிலயும் இன்ஜின்லயும் போய் சேர்ற எடத்தையும் பாருங்க, அந்த எர்த் போல்ட்ட யாருமே பாக்குறதில்ல, துரு பிடிச்சிருந்தா அதுவும் இதே பிரச்சனையத்தான் பண்ணும்.

அதுக்கப்புறம் பேட்டரியில மீட்டர வைங்க. வண்டி சில மணி நேரம் சும்மா நின்ன பிறகு 12.6 வோல்ட் காட்டுனா ஃபுல் சார்ஜ், 12.2 கிட்ட இருந்தா பாதிதான், 12க்கு கீழ போனா கிட்டத்தட்ட காலி. ஒருத்தர சாவி திருப்பச் சொல்லிட்டு மீட்டர பாருங்க, 12.6 காட்டுன பேட்டரி அப்ப 9.6க்கு கீழ விழுந்தா பேட்டரிக்கு வயசாயிடுச்சுன்னு எடுத்துக்கலாம். 12க்கு மேலயே நின்னு வெறும் 'டக்' மட்டும் கேட்டா பேட்டரிய விட்டுட்டு கேபிள், செல்ஃப் மோட்டார் பக்கம் போங்க.

பேட்டரி டவுன்தான்னு தெரிஞ்சா ஜம்ப் பண்ணலாம், அதாவது வேற வண்டி பேட்டரியில இருந்து கேபிள் மாட்டி ஸ்டார்ட் பண்ணலாம். சிவப்பு கேபிள் மொதல்ல டவுனான பேட்டரியோட பிளஸ்ல, மறுமுனை நல்ல பேட்டரி பிளஸ்ல, கருப்பு நல்ல பேட்டரி மைனஸ்ல, கடைசி முனைய மட்டும் டவுனான வண்டியோட இன்ஜின்ல பெயின்ட் இல்லாத இரும்புல மாட்டுங்க. பேட்டரியில இருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதான் கடைசி தீப்பொறி அதுக்குப் பக்கத்துல வரக்கூடாதுன்றது. நல்ல வண்டிய அஞ்சு நிமிஷம் ஓடவிட்டுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, ஒரு தடவைக்கு 10 செகண்டுக்கு மேல அடிக்காதீங்க, மோட்டார் சூடேறிரும்.

பேட்டரி, டெர்மினல், எர்த் மூணும் சரியா இருந்தும் 'டக்' மட்டும்தான்னா, நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக்க இழுத்துட்டு, ஒருத்தர் சாவி திருப்பும்போது இன்னொருத்தர் செல்ஃப் மோட்டார் மேல ஸ்பேனர் பிடியால லேசா தட்டிப் பாருங்க, சுத்துற ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக்கூடாது. எடுத்துக்கிச்சுன்னா மோட்டாருக்குள்ள கரண்ட் கடத்துற கார்பன் பிரஷ்ஷோ சோலினாய்டு கான்டாக்டோ தேஞ்சிருக்கு, அது வண்டிய மெக்கானிக்கிட்ட கொண்டு போற வரைக்கும்தான் தாங்கும். நிறைய மோட்டார்ல இது ரெண்டையும் தனியா மாத்த முடியும், அதனால முழு மோட்டாரையும் மாத்தச் சொன்னா ஒரு தடவ கேட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் முக்கியம், வெள்ளத்துல ஓட்டிட்டு வந்த பிறகு 'டக்'னு நின்னுச்சுன்னா திரும்பத் திரும்ப அடிக்கவே கூடாது, சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டனோட சேர்ந்த கனெக்டிங் ராடு வளைஞ்சு இன்ஜினே போயிரும்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் பேட்டரியில மறுபடி மீட்டர வைங்க, பெரும்பாலும் 13.8ல இருந்து 14.5 வரைக்கும் காட்டணும். 12.5ல இருந்து ஏறவே இல்லாம இறங்கிட்டே வந்தா இன்ஜின் ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் வேலை செய்யல, புது பேட்டரி போட்டாலும் அதுவும் சீக்கிரமே டவுனாயிரும். சார்ஜிங்கும் சரியா இருந்து, காலையில மட்டும் டவுனாகுதுன்னா, வண்டிய ஆஃப் பண்ணி லாக் பண்ணப்புறமும் எதோ கரண்ட் குடிச்சிட்டிருக்கு, முக்கால்வாசி டிக்கி லைட்டோ வெளிய வாங்கி மாட்டுன கேமராவோ ஸ்டீரியோவோ இருக்கும், அங்கிருந்து தேட ஆரம்பிங்க.