டிவிக்கு மரச்சட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவரில் மாட்டிய டிவியைச் சுற்றித் தேக்குச் சட்டம் கட்டும் ஆசை இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. பட்டறையில் புதிதாகப் பழகும் பிள்ளைகள், எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ரம்பத்தைத் தீட்டு, இரண்டு முறை அள என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஈரம் காயாத மரம்

மரவாடியில் "நன்றாகக் காய்ந்தது" என்று சொன்னதை நம்பி, அன்று மாலையே இழைத்து, 45 டிகிரியில் அறுத்து, பசை போட்டு இறுக்கிவிடுகிறார்கள். பாலிஷ் போட்ட அன்று மூலையில் மயிரிழைகூட நுழையாது. ஏசி ஓடும் அறையில் சில மாதங்கள் போகட்டும், உள் மூலைகள் வாய் பிளந்துவிடும்.

போன கோடையில் ஒரு வீட்டுக்குப் பழுதுபார்க்கக் கூப்பிட்டார்கள். விளக்கை அணைத்து டிவியைப் போட்டதும் நான்கு உள் மூலைகளிலும் வெளிச்சம் ஊசிக்கோடாகக் கசிந்தது. வைரம் பாய்ந்த நல்ல தேக்கு. செய்த பையன் தன் வெட்டுதான் பிசகிவிட்டது என்று நொந்துகொண்டிருந்தான். வெட்டுப் பிசகியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். வெளிமுனைகள் ஒட்டியபடி இருக்க, உள்ளே மட்டும் விலகினால் மரம் சுருங்கியிருக்கிறது என்று பொருள்.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, அகலவாக்கில்தான் சுருங்கும். 100 மி.மீ. அகலப் பட்டை ஒன்றரை மி.மீ. குறைந்தால் போதும், உள் மூலையில் இரண்டு மி.மீ. இடைவெளி விழும். டிவியின் சூடு வேறு அதை வேகப்படுத்தும்.

எனக்கு ஆத்திரம் வருவது இதற்கு அடுத்துச் செய்யும் காரியத்தைப் பார்த்துத்தான். மரத்தூளைப் பசையில் குழைத்து அந்த இடைவெளியில் அப்பிவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் மரம் மறுபடி உப்பும்போது, கெட்டித்த பசை ஆப்பாக நின்று வெளி மூலையைப் பெயர்த்துவிடும். மீண்டும் அறுத்துச் சேர்த்தால் சட்டம் சிறுத்துப்போய் அந்த டிவிக்கே உதவாது. அத்தனை தேக்கும் வீண்.

வாங்கிய பட்டைகளைப் பொருத்தப்போகும் அறையிலேயே, இடையில் சிறு கட்டைகள் கொடுத்து அடுக்குங்கள். ஒரு பட்டையின் எடையை அதன் மேலேயே பென்சிலால் எழுதி, வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு இழைப்புளியை எடுங்கள். ஈரமானி இருந்தால், 12 சதவீதத்துக்கு மேல் காட்டும் பட்டையைத் தொடாதீர்கள். அகலமான சட்டம்தான் வேண்டுமென்றால், இரண்டு அங்குல அகலச் சட்டங்கள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக அமையுங்கள். ஒவ்வொன்றின் சுருக்கமும் பாதியாகிவிடும். மூலைகளில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து மெல்லிய நாக்குப் பட்டை செருகினால், இணைப்பு பசையை மட்டும் நம்பி நிற்காது.

அங்குலக் கணக்கு

55 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்டம். அகலம் சுமார் 122 செ.மீ., உயரம் 68.5 செ.மீ. அதுவும் திரைக்கு மட்டும்தான், விளிம்பு தனி. டேப்பை டிவியின் மேலேயே வைத்து அளந்து அறுங்கள்.

சட்டத்தின் பாரம்

சுவர் தாங்க வேண்டும், டிவி அல்ல.

காற்று

சட்டத்தைச் சுவரோடு நான்கு பக்கமும் அடைத்தால் சூடு வெளியேற வழியில்லை. மேலும் கீழும் திறந்து விடுங்கள். டிவியோடு வந்த கையேடு சொல்லும் இடைவெளியைக் குறைக்காதீர்கள். பல டிவிகளில் ஒலிபெருக்கி கீழ்நோக்கியே இருக்கிறது. அதன் வாயையும் மூடிவிடாதீர்கள்.

ரிமோட் கண்

பெரும்பாலும் கீழ் விளிம்பில் இருக்கும். சட்டத்தைக் கையால் பிடித்து வைத்து, ரிமோட்டை அழுத்திச் சோதித்த பிறகே பாலிஷ்.

கழற்றும் வழி

எச்டிஎம்ஐ கம்பி ஒன்றை மாற்றுவதற்காகச் சட்டத்தைப் பெயர்க்கும் நிலை வரக் கூடாது. ஒரு பட்டையை 45 டிகிரிச் சரிவில் நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறுபாதியைச் சட்டத்தின் பின்னாலும் திருகுங்கள். இரு சரிவுகளும் ஒன்றில் ஒன்று கொக்கிபோல் மாட்டி நிற்கும்; மேலே தூக்கினால் சட்டம் கையோடு வந்துவிடும். முழு நீளத்துக்கும் அடிக்க வேண்டாம், இரு ஓரங்களிலும் சிறு துண்டுகள் போதும்; நடுவில் காற்றுக்கு வழி இருக்கும்.