அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க ஒரு தொடர்

மனச்சோர்வு மாத்திரை பற்றி வீட்டில் பேச்சே எடுக்க முடியவில்லையா? மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் நான் செய்ததைச் சொல்கிறேன்.

‘ஒன் டே அட் எ டைம்’ என்ற அமெரிக்கத் தொடரின் இரண்டாம் சீசன், 2018-இல் வந்தது. ஒன்பதாம் பகுதியைப் போடுங்கள். கியூபா வம்சாவளி நர்ஸ் பெனலோப்பி மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு முடங்கிப்போகிறாள். அந்த வேடத்தில் ஜஸ்டினா மச்சாடோ அப்படியே வாழ்ந்திருக்கிறார்.

அம்மா முருங்கைக்கீரை உருவும் நேரம்தான் சரி. கைக்கு வேலை இருந்தால் வாய் திறக்கும். முன்கூட்டியே விளக்காதீர்கள், நிறுத்தி நிறுத்தி வசனத்தைத் தமிழில் சொல்லுங்கள். பெனலோப்பி வீட்டுப் பாட்டியும் முன்பு மாத்திரை வேண்டாம் என்றவர்தான் என்றேன். அம்மாவின் கை கீரைக் காம்பிலேயே நின்றது. “நீயும் இப்படித்தான் கெடந்தியாடி?”

அப்புறம் டிவியை அணைத்துவிடுங்கள்.

மருந்தைக் குறைப்பது, நிறுத்துவது எல்லாம் டாக்டரிடம் கேட்டுத்தான். ராத்திரியில் தாங்கவில்லையென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416; தமிழிலேயே பேசலாம்.