புரோநோட்டில் கையெழுத்து போடும் முன்

பண்ருட்டி முந்திரி வியாபாரமோ, கடலூர் முதுநகர் மீன் வியாபாரமோ, கடன் என்றால் இங்கே பெரும்பாலும் புரோநோட்டுதான், அதாவது பணத்தைத் திருப்பித் தருவதாகக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் சீட்டு. தொகையும் தேதியும் எழுதாத நோட்டில் தயவுசெய்து கையெழுத்து போடாதீர்கள். ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்திட்ட வெற்று நோட்டைப் பூர்த்தி செய்துகொள்ள, கடன் கொடுத்தவருக்குச் சட்டமே இடம் தருகிறது. பிறகு மறுத்துப் பேசுவது கடினம்.

கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டுக்கு, தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்கு போட வேண்டும். அதற்குள் கொஞ்சம் பணம் கட்டி, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து போட்டால் அந்த நாளிலிருந்து மறுபடி 3 ஆண்டு. கடன் கொடுத்தவர் இதை மறக்கக்கூடாது. கடன் வாங்கியவரும் தெரிந்துகொண்டே கையெழுத்து போடட்டும்.

கடனை முழுக்க அடைத்ததும் நோட்டைக் கையோடு திரும்ப வாங்குங்கள். "வீட்டில் தேடித் தருகிறேன்" என்றால், சரி, பணம் பெற்றதாக எழுதியாவது வாங்கிவிடுங்கள். பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் இன்னும் நல்லது.

நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் ஒதுக்கி வைக்காதீர்கள். ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். வக்கீல் வைக்க வசதி இல்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-க்கும் அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு.