மாமி சொன்ன ‘ஆம்’

போன மாரியில் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு மாமியின் குரல்பதிவு வந்தது: “பிள்ளையள், கிணத்துத் தண்ணியைத் தொடாதேங்கோ. திரும்பவும் எண்ணெய் கலந்திட்டுதாம்.” நாங்கள் யாழ்ப்பாணத்து மல்லாகம். அரை மணித்தியாலத்தில் அதுவே எழுத்தாகி இன்னொரு குழுவில் நின்றது: “மல்லாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டது.” மாமி சொன்ன ‘ஆம்’ வழியில் விழுந்துவிட்டது.

இப்படி ஒன்று வந்தால் முதலில் அந்த ‘ஆம்’ எங்கே தொடங்கியது என்று தேடுங்கள். குழுவில் எல்லாருக்கும் முன்னால் கேட்கவேண்டாம். பெரியவர்களுக்கு முகம் வாடும். தனியாகப் போன் எடுங்கள். “மாமி, உங்களுக்கு ஆர் சொன்னது? அவை கண்ணால கண்டவையோ?” நான் மூன்றாவது ஆளில் பிடித்தேன்: ஒரு வீடு, ஒரு கிணறு, தண்ணீர் இறைக்கிற மெசினில் இருந்து ஒழுகிய எண்ணெய்.

செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. பிரதி எடுத்து ஒட்டினால் அம்பு போய்விடும். ஆகவே அம்பு இல்லை என்பதற்காக நம்பவும் வேண்டாம்.

பிறகு ஒப்பிடுங்கள். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் ஐயா சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார். கை உளைய உளைய நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கதைக்கும். கொழும்பு வானொலி, பிபிசி தமிழோசை, வெரித்தாஸ் மூன்றையும் கேட்ட பிறகுதான் படலையடிக்குப் போய் வாய் திறப்பார். இன்று முகநூலில் பத்துப் பக்கங்கள் ஒரே வசனத்தைப் போட்டால் அது ஒன்றுதான், பத்தல்ல. ஒரு பதிவில் கொஞ்சம் மினைக்கெட்டாலே அதே பயத்தை முகநூல் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து தரும். ஊரே அதைத்தான் கதைக்கிறது போலிருக்கும்.

அச்சில் வந்தாலும் பாருங்கள். 2013 செப்டெம்பர் 21, வடமாகாண சபைத் தேர்தலன்று காலை, ‘உதயன்’ பெயரில் போலிப் பத்திரிகை ஒன்று வந்தது. ஒரு வேட்பாளர் அரசு பக்கம் சேர்ந்துவிட்டாராம். சனம் நம்பவில்லை, அவர் வென்றார்.

ஆனால் வதந்தி என்று தட்டிவிடவும் கூடாது. பக்கத்துச் சுன்னாகம் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளுக்குள் போனபோது ஆளுக்கொரு அறிக்கை சொன்னார்கள். எதை நம்புவதென்று தெரியாமல் நாங்கள் போத்தல் தண்ணீர் வாங்கினோம். 2019இல்தான் உயர் நீதிமன்றம் அந்த மின்நிலையக் கம்பனியை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. அரச அலுவலகம் வாய் திறக்காவிட்டால் சனம் தானே ஒரு விடையைச் செய்துகொள்ளும்.

ஆகவே அலுவலகத்தைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. “தண்ணீர் நல்லதா?” என்று கேட்டால் “பரிசீலிக்கப்படுகிறது” என்று பதில் வரும். “இந்தக் கிராம சேவையாளர் பிரிவில், இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம்வரை பரிசோதித்த கிணறுகள் எத்தனை? முடிவுகளின் பிரதி தருக” என்று எழுதுங்கள். கொடுத்ததற்கு எழுத்தில் சான்று வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அந்த அலுவலகத்தின் மேன்முறையீட்டு அலுவலருக்கும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.

பதில் வந்ததும் திகதி தெரியப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள், வாசிகசாலையிலும் ஒட்டுங்கள். கூடவே உங்கள் குரலிலும் ஒருக்கால் சொல்லி அனுப்புங்கள். மாமி எழுத்தைத் திறக்கமாட்டா, கேட்பா.